பால் காய்ச்சுவதற்கு முதல் நாள் பூத்தது

போன வருடம் சித்திரைக் கடைசியில் நடந்தது இது. நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்களுக்குக் குவார்ட்டர்ஸ் சாவி கைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. அந்த இரண்டு நாளை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், படபடப்பு ஒரு பக்கம்.

என் வீட்டுக்காரர் சுரங்கத்தில் பல வருடம் கான்ட்ராக்டில் இருந்துவிட்டு, காதோரம் நரைத்த பிறகு பர்மனென்ட் ஆனவர். அதுவரைக்கும் குள்ளஞ்சாவடி பக்கம் ஒரு மாடி போர்ஷனில் வாடகைக்குக் குடியிருந்தோம். அங்கே எனக்கென்று இருந்த மண், உடைந்த பக்கெட்டில் துளசி வைத்த மண் மட்டும்தான். பிறந்த வீடும் அப்படித்தான். மேல்பட்டாம்பாக்கத்தில் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கரும்புக்குக் களை எடுத்து எங்களை வளர்த்தார்கள். புகுந்த வீட்டிலும் அதே கதை. வாசலைத் தாண்டி ஓர் அடி வைத்தால் அது வேறு யாருடைய நிலமாகவோ இருக்கும்.

அப்படிப்பட்டவளுக்குத் தோட்டத்தோடு ஒரு வீடு கிடைத்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பழைய பிளாக், பழைய வீடு. பல வருடமாகப் பூட்டிக் கிடந்தது. சீனியாரிட்டியில் எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் இதைப் பார்த்துவிட்டு வேறு வீடு கேட்டுப் போய்விட்டார்களாம். சுவரில் விரிசல் இருக்கிறது, பாம்பு வரும் என்றெல்லாம் என் வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டே வந்தார். நான் எதையும் காதில் வாங்கவில்லை. நேராகப் பின்பக்கம் போய்க் கதவைத் திறந்தேன். ஒரு மாமரம், ஒரு பலா, காம்பவுண்டு வரைக்கும் சருகு மூடிய தரை. அந்த இடத்திலேயே முடிவு பண்ணிவிட்டேன், இதுதான் நம் வீடு என்று. அவர் தலையில் அடித்துக்கொண்டார். பால் காய்ச்சுவதைப் பிறகு நாள் பார்த்து வைத்துக்கொள்ளலாம் என்று சாமானோடு உடனே குடிவந்துவிட்டோம்.

சருகையெல்லாம் கூட்டி அள்ளிய மூன்றாம் நாளோ நான்காம் நாளோ ஒரு கோடை மழை பிடித்தது பாருங்கள், அப்படி ஒரு மழை! அதற்கப்புறம் தினமும் காலையில் பின்கதவைத் திறப்பதே எனக்குத் திருவிழாவாகப் போயிற்று. நேற்று வெறும் தரையாக இருந்த இடத்தில் இன்றைக்கு ஒன்று தலையை நீட்டிக்கொண்டிருக்கும். நான் விதைக்கவில்லை, நடவில்லை, தண்ணீர்கூட ஊற்றவில்லை. யாரோ எப்போதோ வைத்துவிட்டுப் போனதெல்லாம் மண்ணுக்குள்ளேயே படுத்திருந்து எழுந்து வந்துகொண்டிருந்தது.

களை எடுத்தே வளர்ந்த கை சும்மா இருக்குமா? கோரையும் நாயுருவியும் கண்ணில் பட்டதுமே விரல் துறுதுறுத்தது. ஆனால் மற்றதை என்ன செய்வது? அடுத்தவர் வயலில் இறங்கினால் எது பயிர், எது களை என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். இங்கே சொல்ல ஆள் கிடையாது. நான்தான் சொல்ல வேண்டும். அந்த நினைப்பே எனக்குக் கிறுகிறுவென்று இருந்தது. என்ன செடி என்று தெரியாமல் ஒன்றைக்கூடப் பிடுங்குவதில்லை என்று வைராக்கியமாக இருந்தேன்.

எதிர்வீட்டு அக்கா திருநெல்வேலிப் பக்கம். அவர்கள் இந்த பிளாக்குக்கு வந்தே இரண்டு வருடம்தான் ஆகிறது. காலையில் காபி டம்ளரோடு வந்துவிடுவார். சுவரோரம் கொத்தாகக் கிளம்பியிருந்த ஒரு செடியின் இலையைக் கசக்கி மோந்தவர், அப்படியே நின்றுவிட்டார். “எம்மா, இது எங்கூரு சிறுகிழங்குல்லா. இங்க யாரு கொண்டாந்து வச்சா?” என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. ஒரு கிழங்குச் செடிக்கு ஒருத்தர் கண் கலங்கி நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் என் பங்குக்கு ஒன்றைக் கிள்ளி வேரை மோந்து மஞ்சள் என்று கண்டுபிடித்தேன். இரண்டு பேரும் தோட்டத்தையே சுற்றிச் சுற்றி வந்தோம். வீட்டில் சோறு குழைந்தது, குழம்பு அடிப்பிடித்தது. என் வீட்டுக்காரர் அதையே சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனார், பாவம்.

இரண்டு பேருக்கும் பிடிபடாத ஒன்றும் இருந்தது.

மாமரத்துக்கும் துணி துவைக்கிற கல்லுக்கும் நடுவில் அது கிளம்பியது. முதலில் கட்டைவிரல் கனத்துக்கு இருந்தது. மறுநாள் கைப்பிடி கனம். இலையும் இல்லை, தண்டும் இல்லை. தோல் தோலாகச் சுற்றிக்கொண்டு, பச்சையும் பழுப்புமாகப் புள்ளி வைத்து, கூம்பாக நின்றது. அக்கா ஏதோ இஞ்சி வகை என்றார். என் வீட்டுக்காரர் காளான் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு ஷிப்ட்டுக்குக் கிளம்பிவிட்டார். பிளாக் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ போட்டேன். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். போனிலேயே படத்தைக் காட்டித் தேடினேன். ஒரு தடவை தாழம்பூ என்றது, இன்னொரு தடவை முட்டைக்கோஸ் என்றது. போனை வைத்துவிட்டேன்.

தினமும் அதன் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். கோழி கிளறாமல் இருக்கச் சுற்றிலும் முள் வைத்தேன். இது ஏதோ பெரிய விஷயமாகத்தான் வரப்போகிறது என்று எனக்குள்ளே ஒரு குதியாட்டம்.

இதற்கு நடுவில் என் மாமியார் சங்கதியைச் சொல்ல வேண்டும். அவர் நெல்லிக்குப்பத்தில் மகள் வீட்டில் இருந்தார். கையில் பிள்ளைகளோடு சின்ன வயதிலேயே தாலி அறுத்தவர். கூலி வேலைக்குப் போய்த்தான் என் வீட்டுக்காரரை ஆளாக்கினார். அதனால் அம்மா வார்த்தையை இவர் தாண்டியதே கிடையாது. இந்த வீட்டைப் பற்றிச் சொன்னதுமே மாமியாருக்கு மனசு ஒப்பவில்லை. நாலு பேர் வேண்டாம் என்று விட்டுப்போன வீட்டில் நமக்கு என்ன வேலை என்று போனிலேயே கேட்டார். கடைசியில், வெள்ளிக்கிழமை வந்து பால் காய்ச்சுவேன், ஆனால் முதல் நாளே வந்து வீட்டைப் பார்ப்பேன், என் மனசுக்குச் சரியில்லையென்றால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று கண்டிஷனாகச் சொல்லிவிட்டார். கொடுத்த வீட்டை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் அடுத்தது எப்போது வருமோ, யாருக்குத் தெரியும். மறுபடியும் அந்த மாடி போர்ஷன், உடைந்த பக்கெட்.

வியாழக்கிழமை வந்தது. வீடு முழுக்கக் கழுவி, வாசலில் கோலம் போட்டு, மாவிலை கட்டி வைத்திருந்தேன். மத்தியானம் துணி எடுக்கப் பின்பக்கம் போனவள் அப்படியே மலைத்து நின்றேன்.

அது மலர்ந்திருந்தது. மலர்ந்திருந்தது என்று எப்படிச் சொல்வது? தரையோடு தரையாக, முறத்தை விரித்த மாதிரி ஒரு மடல். ஓரமெல்லாம் சுருக்கம் சுருக்கமாகப் பாவாடைக் கொசுவம் போல. நடுவில் ஆட்டு ஈரல் நிறத்தில், குழந்தை தலை அளவுக்கு ஒரு குமிழ். என் வாழ்நாளில் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. பயமாகவும் இருந்தது, கண்ணை எடுக்கவும் முடியவில்லை. அக்கா அக்கா என்று கத்தி எதிர்வீட்டு அக்காவை இழுத்து வந்தேன். அவரும் வாயைப் பிளந்தார். இது பூவா, விலங்கா என்றார். போட்டோ எடுத்தோம், சுற்றிச் சுற்றி வந்தோம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பொழுது சாயச் சாய காற்று திரும்பியது. நாற்றம் கிளம்பியது.

சாதாரண நாற்றம் இல்லை. செத்து மூன்று நாளான பெருச்சாளி நாற்றம். எங்கிருந்தோ ஈயெல்லாம் வந்து அதன் மேல் மொய்த்தது. அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவிட்டார். நான் கற்பூரத்தைக் கொளுத்தி, ஊதுவத்தியைக் கட்டுக் கட்டாகச் செருகிக்கொண்டிருந்தபோது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. வேளை பார்த்துத்தான் வந்தார் என் மாமியார்!

கேட்டைத் திறக்கும்போதே முந்தானையை மூக்கில் வைத்துவிட்டார். கோலத்தையும் பார்க்கவில்லை, மாவிலையையும் பார்க்கவில்லை. நாற்றம் வந்த வழியே நேராகப் பின்பக்கம் போனார். போனவர் அதைப் பார்த்ததும் இரண்டு அடி பின்னால் வந்து மாமரத்தைப் பிடித்துக்கொண்டார்.

“பொண நாத்தம் அடிக்குதுடி. எவனோ இன்னாத்தையோ பொதைச்சு வச்சிருக்கான். அதான் ஒருத்தனும் இந்த வூட்டுக்கு வரல” என்றார்.

பூட்டிக் கிடந்த வீடு, மண்ணிலிருந்து சதை மாதிரி ஒன்று, அதன் மேல் ஈ, செத்த நாற்றம். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். சுவரோரம் கிடந்த கடப்பாரையை எடுத்து அதை உடைக்கப் போனார். நான் குறுக்கே போய் நின்றேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவருக்கு எதிரே அப்படி நின்றது அதுதான் முதல் தடவை. முதல் ஷிப்ட் முடிந்து வந்து படுத்திருந்த என் வீட்டுக்காரர் சத்தம் கேட்டு எழுந்து வந்தார். அம்மாவையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், அந்தப் பூவையும் பார்த்தார். காலையில் ஆபீஸில் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றார்.

எனக்கு அழுகையை விடக் கோபம்தான் வந்தது. தோட்டத்தில் ஒன்று என்னவென்று தெரியவில்லை என்பதற்காக வீட்டையே விடுவதா? “பால் காய்ச்சுற நேரம் வரைக்கும் பொறுங்க அத்தை. அதுக்குள்ள இது இன்னான்னு சொல்றேன். சொல்ல முடியலன்னா நானே சாமானைக் கட்டுறேன்” என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. மாமியார் கடப்பாரையைக் கீழே போட்டார்.

விடிந்ததும் மண்வெட்டியோடு போய்விட்டேன். நாற்றம் கொஞ்சம் தணிந்திருந்தது. என் கணக்கு இதுதான்: யாரோ எதையோ புதைத்திருந்தால் தோண்டினால் தெரிந்துவிடும். செடியாக இருந்தால் வேர் இருக்கும். பூவின் மேல் படாமல் ஒரு முழம் தள்ளிப் பள்ளம் பறித்து, பக்கவாட்டில் கையாலேயே மண்ணைத் தள்ளிக்கொண்டு போனேன். எலும்பு ஏதாவது தட்டுப்பட்டுவிட்டால்? விரலில் வெள்ளை வெள்ளையாக வேர் மாட்டியது. அப்பாடா என்று மூச்சு வந்தது. இன்னும் தள்ளினேன். உருண்டையாக, சொரசொரப்பாக, பெரிய சோற்றுச் சட்டி அளவுக்கு ஏதோ ஒன்று. அதன் விலாவில் ஒட்டிக்கொண்டு குட்டி குட்டியாக நாலைந்து. ஒரு குட்டியை ஒடித்துக் கையில் எடுத்தேன். உள்ளே வெளிர் ஆரஞ்சு நிறம். எங்கேயோ பார்த்த நிறம். எங்கே, எங்கே என்று உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கும்போதே விரல் இடுக்கில் நமநமவென்றது. அப்புறம் மணிக்கட்டு. அப்புறம் முழங்கை.

அரிப்பு! ஐயோ, இந்த அரிப்பு எனக்குத் தெரியுமே! ஒவ்வொரு பொங்கலுக்கும் அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்து நான் பட்ட அதே அரிப்பு. சேனைக்கிழங்கு நறுக்கிய பெண்பிள்ளை யாருக்கும் அது மறக்காது. கையைச் சொறிந்துகொண்டே குதித்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா? சொறியச் சொறிய எனக்குச் சந்தோஷம் பொங்கியது. சேனை, அத்தை, சேனை என்று கத்திக்கொண்டே வீட்டுக்குள் ஓடினேன்.

மாமியார் அசையவில்லை. நார்ப்பெட்டியில் துணியை மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

“சேனையில ஏதுடி பூவு? காலம்பூரா அடுத்தவன் கொல்லையில சேனை வெட்டினவ நானு. எம்மாம் சேனை இந்தக் கையால வெட்டியிருக்கேன். ஒரு பூவு பாத்தது கிடையாது” என்றார்.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. நறுக்கினவள் நான். வெட்டினவர் அவர். அவருக்குத் தெரியாததா? ஆனாலும் கை அரித்துக்கொண்டுதானே இருக்கிறது. வந்து தொட்டு மட்டும் பாருங்கள் என்று கெஞ்சினேன். என் கையைப் பார்த்தார். முழங்கை வரைக்கும் தடித்துச் சிவந்திருந்தது. அதற்கப்புறம்தான் எழுந்தார்.

பள்ளத்தின் ஓரம் குந்தி உட்கார்ந்து, ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையை மண்ணுக்குள் விட்டார். கண்ணை மூடிக்கொண்டார். கிழங்கின் விலாவைத் தடவினார், குட்டிகளை ஒவ்வொன்றாகத் தொட்டார். மேலே போய், அந்தப் பூ கிளம்புகிற இடத்தில் கை நின்றது. அதே இடத்தை மறுபடியும் மறுபடியும் தடவினார். என் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு கதவருகில் நின்றார். எதிர்வீட்டு அக்கா அவர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். எனக்குக் கை அரித்துக்கொண்டே இருந்தது.

மாமியார் மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டார். குனிந்து முகத்தை அந்தப் பூவுக்கு அவ்வளவு கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

“சேனைதான்” என்றார்.

பிறகு யாரிடம் என்று இல்லாமல் சொன்னார். “தை பொறந்தா வெட்டிடுவோம். ஒரு வருசத்துக்கு மேல எந்த நெலத்துக்காரன் மண்ணுல வுட்டு வச்சான்? வயசு ஏறினாத்தான பூக்கும். நமக்குன்னு ஒரு துண்டு நெலம் இருந்திருந்தா, ஒண்ணையாவது வுட்டுப் பாத்திருப்பேன்.”

என் வீட்டுக்காரர் வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். எழுதிக் கொடுக்கவா, வேண்டாமா என்று அவர் கேட்கவேயில்லை. மாமியார்தான், இன்னும் என்ன பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள், நல்ல நேரம் போகிறது, பாலை அடுப்பில் வைக்க மாட்டீர்களா என்று எல்லாரையும் விரட்டினார். விரட்டும்போதே அவருக்கும் கை அரிக்க ஆரம்பித்துவிட்டது. அக்கா புளியைக் கரைத்து எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். மாமியாரும் மருமகளும் ஒரே சட்டியில் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க, எங்கள் வீட்டில் பால் பொங்கியது. சர்க்கரைப் பொங்கல் சாப்பிட வந்தவர்களெல்லாம் ஒரு கையில் இலை, ஒரு கையில் மூக்கு என்று நின்றார்கள். சாப்பிட்டவர்கள் ஒவ்வொருவரையும் மாமியார் கையைப் பிடித்து அழைத்துப் போய்ப் பூவைக் காட்டினார். முகம் சுளித்தவர்களிடம், நாறினால் என்ன, இதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று கோபித்துக்கொண்டார். முந்தின நாள் கடப்பாரை எடுத்தவர் அவர்தான் என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

மறுநாளே நாற்றம் போய்விட்டது. நாலைந்து நாளில் பூவும் வதங்கிச் சாய்ந்தது. அப்புறம் அதே இடத்திலிருந்து பாம்புத்தோல் மாதிரி புள்ளி வைத்த தண்டு ஒன்று எழும்பி, குடையாக இலை விரித்தது. சுற்றிலும் குட்டிகளும் ஆளுக்கொரு சின்னக் குடை பிடித்தன. மாமியார் நெல்லிக்குப்பத்துக்குத் திரும்பிப் போகவில்லை. காலையில் எனக்கு முன்னாலேயே பின்கதவைத் திறந்துவிடுகிறார். எது பயிர், எது களை என்று தினமும் எங்களுக்குள் ஒரு சண்டை நடக்கிறது. பெரும்பாலும் இரண்டு பேருமே பிடுங்குவதில்லை.

இந்தப் பொங்கலுக்குக் குட்டிகளைத் தோண்டி, துண்டு போட்டு பிளாக்கில் எல்லார் வீட்டுக்கும் கொடுத்தோம். நான் மண்வெட்டியோடு பெரிய கிழங்குப் பக்கம் போனபோது மாமியார் வேண்டாம் என்று கையைக் காட்டினார். இதுவும் நமக்குச் சொந்தமில்லை அத்தை, இவர் ரிட்டயர் ஆனால் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று சொன்னேன். தெரியும் என்றார். தெரிந்தேதான் அதன் மேல் இன்னும் இரண்டு கை மண்ணை அள்ளிப் போட்டு அணைத்தார்.

இப்போதெல்லாம் சந்தையில் சேனைக்கிழங்கு குவித்து வைத்திருப்பதைப் பார்த்தால், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பூ இருந்தது, யாரும் அதுவரைக்கும் விட்டு வைக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.